பொழுது சாய வருகிறவன்

எங்கள் ஆற்றோரத்தில் யாரையும் பிச்சைக்காரன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. கம்பளியைச் சுருட்டித் தோளில் கட்டிக்கொண்டு, தகரப் போணி இடுப்பில் இடிக்க, பண்ணைக்குப் பண்ணை நடந்து வருகிறவன் எங்களுக்கு வழிப்போக்கன். சமையலறை ஜன்னலுக்கு எதிரே வந்து நின்று, "வேலை ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்பான். இல்லை என்போம். ஆனாலும் ஒரு டம்ளர் மாவு, ஒரு பிடி டீத்தூள், கொஞ்சம் சர்க்கரை, ஒரு துண்டு ஆட்டிறைச்சி கொடுப்போம். வாங்கியவன் விறகுக் குவியலுக்குப் போய் அரைமணி நேரம் கோடாரி பிடித்துவிட்டுப் போவான். அவனும் கை ஏந்தவில்லை, நாங்களும் பிச்சை போடவில்லை. இரண்டு பக்கமும் மானம் மிஞ்சும்.

இன்னொரு ரகம் உண்டு. பகலெல்லாம் மரத்தடியில் படுத்துக் கிடந்துவிட்டு, சூரியன் விழுகிற நேரம் பார்த்து வந்து நிற்பான். அந்த இருட்டில் யார் வேலை சொல்வார்கள்? அடுத்த பண்ணை இருபத்தெட்டு மைல், அதனால் போ என்றும் சொல்ல முடியாது. ரேஷனை வாங்கித் தின்றுவிட்டு, ஆற்று வளைவில் இருக்கிற குடிசையில் தூங்கி, விடிவதற்குள் நடையைக் கட்டிவிடுவான். கோடாரி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இவனுக்குத்தான் சண்டவுனர் என்று பெயர். பொழுது சாய வருகிறவன் என்று அர்த்தம்.

அர்த்தம் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது உதடு ஒரு பக்கம் கோணும். ஆட்டு மயிர் கத்தரிக்கிற கொட்டகையில் வேலைக்கு மணியடித்த பிறகு ஒருவன் வந்து நின்றால், "வாய்யா சண்டவுனர்" என்பார்கள். அங்கேயே கைகலப்பு வந்துவிடும். பால் கறக்கிற நேரத்துக்கு மட்டும் வந்து காலைச் சுற்றுகிற ஒரு பழுப்புப் பூனைக்கு நானே அந்தப் பெயரை வைத்திருந்தேன். பூனை கோபித்துக்கொள்ளவில்லை.

நான் ஹானோரா கீஹோ. டார்லிங் ஆற்று வெள்ளம் என் புருஷனைக் கொண்டுபோன வருஷம் மாராகூன் ஆட்டுப் பண்ணைக்குச் சமையல்காரியாக வந்தேன். நாக்கு நீளம் என்று எனக்குப் பெயர். பெயர் பொய்யில்லை.

ரேஷன் கொடுப்பதும் என் வேலைதான். அதற்கென்று ஜன்னல் கட்டையில் ஒரு நோட்டு இருக்கும். மேனேஜர் கார்வக் போட்ட ஏற்பாடு அது. வந்தவன் பெயரை எழுதி, எதிரே ஒரு குறி போடவேண்டும். வழிப்போக்கனுக்கு ஒரு கோடு. சண்டவுனருக்கு ஒரு வட்டம், விழுகிற சூரியனாம். ஒருவன் பெயருக்கு நேரே வட்டங்கள் சேர்ந்துகொண்டே போனால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தகவல் போகும், இவனை வேலைக்கு வைக்காதே என்று.

அந்த நோட்டிலேயே அதிக வட்டம் வாங்கியவன் டோபியாஸ் ஹெர்ன். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முதல் தடவை அவன் வந்தபோது என் அடுப்பங்கரை ஒரே புகை. எங்கள் எடுபிடி ஆல்ஃபிக்கு நாற்பது வயதாகியும் விறகை அளவாக வெட்டத் தெரியாது. என் இரும்பு அடுப்பின் வாய் சின்னது. கட்டை ஒரு விரல் நீளம் கூடினாலும் கதவு மூடாது, புகை முழுக்க என் மூஞ்சியில். அன்றைக்கு ஆல்ஃபியை நான் திட்டிக் கிழித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு நெட்டை உருவம். வானம் சிவந்து கிடந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பார்த்துப் பேசினான். முகம் பார்த்துப் பேசாத ஆண்பிள்ளையை எனக்குப் பிடிக்காது.

"வேலை இருக்குங்களாம்மா?" என்றான்.

"இப்ப கேக்கறியா? ராத்திரியை வெட்டி அடுக்கறியா?"

மாவும் டீயும் இறைச்சியும் கொடுத்தேன். பெயர் கேட்டு எழுதி வட்டம் போட்டேன். போகாமல் நின்றான்.

"இன்னும் என்ன?"

"பழைய டீ எலை இருந்தாக் குடுங்கம்மா. வடிகட்டினது."

"அதையும் விட்டு வைக்கமாட்டியா?"

"வீணாத்தானே போகுது."

பிழிந்த டீ இலையைக் கூடக் கேட்டு வாங்குகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு காகிதத்தில் போட்டு எறியாத குறையாகக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். எப்போதும் அதே நேரம், அதே தொப்பி, அதே டீ இலை. "சூரியனைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வரியா?" என்பேன். "அது தானா வருதும்மா" என்பான். கொட்டகை ஆட்கள் அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். அவன் கண்டுகொண்டதில்லை. சொரணை செத்தவன் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவே ஆல்ஃபிக்கு மட்டும் எப்போதாவது ஒரு நாள் ஞானம் பிறக்கும். விடிவதற்கு முன் தூக்கத்தில் கோடாரிச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்; காலையில் கதவைத் திறந்தால், அடுப்பு வாய்க்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி விறகு வெட்டி, சுவரோரம் அழகாக அடுக்கியிருக்கும். இரண்டு வாரத்துக்கு வரும். எனக்கு அப்படிப்பட்ட நாளில் பண்டிகைதான். "எப்பா ஆல்ஃபி, தினமும் இந்த மாதிரி வெட்டினா என்ன கொறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டால், "மனசு வந்தா வெட்டுவேன் அக்கா" என்று பல்லைக் காட்டுவான். அன்று அவனுக்கென்று உலர்ந்த திராட்சை போட்ட புட்டிங் செய்து முழுசாகக் கொடுப்பேன். வழித்து நக்கித் தின்பான்.

சீமையில் மகாராணி செத்த மறு வருஷம்தான் பஞ்சம் உச்சத்துக்கு வந்தது. ஆறு குட்டை குட்டையாக நின்றது. மாவு மூட்டை கொண்டுவரும் படகுகள் எங்கேயோ சேற்றில் உட்கார்ந்துவிட்டன. ஆடுகள் வேலியோரம் செத்துக் கிடந்தன. அவற்றைப் புதைக்கவே ஆள் போதவில்லை. கார்வக் ஒரு நாள் சமையலறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்வது அவருக்கு அவமானம்.

"மிஸஸ் கீஹோ, இனிமே வெளிச்சத்துல வந்து வேலை செய்யறவனுக்குத்தான் ரேஷன். வட்டக்காரனுங்களுக்கு ஒரு பிடி கூடக் கிடையாது."

"எனக்கென்ன சார், மாவு மிச்சம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்த வாரமே டோபியாஸ் வந்தான். அன்றைக்குப் பகலெல்லாம் புழுதிக் காற்று. பிசைந்து வைத்த மாவில் மண் விழுந்து, ரொட்டி முழுவதும் பல்லில் நறநறத்தது. ஆட்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். ஆல்ஃபியையும் இன்னும் இரண்டு பேரையும் செத்த ஆடு புதைக்க எல்லை வேலிக்கு அனுப்பியிருந்தார் மேனேஜர். அவர்கள் அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. தண்ணீர் சுமந்ததிலிருந்து எல்லாம் என் தலையில். சூரியன் செம்மண் புழுதிக்குள் அழுகிய பழம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் அந்தத் தொப்பி.

"வேலை இருக்குங்களாம்மா?"

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. "ஒன்பது வருஷமா இதே கேள்வி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சூரியன் இருக்கறப்போ வந்து கேட்டிருக்கியாய்யா? உன்னை மாதிரி ஆளுக்கு இனிமே ஒண்ணும் கிடையாது. மேனேஜர் உத்தரவு. போ."

"சரிம்மா" என்றான். சண்டை போடுவான் என்று நினைத்திருந்தேன். "பழைய டீ எலையாவது..."

டீ இலை கெண்டி நிறைய இருந்தது. அதற்கு எந்த உத்தரவும் இல்லை. "இன்னிக்கு அதுவும் கிடையாது" என்றேன்.

அவன் உடனே நகரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஜன்னலருகே நின்றான். இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று பார்க்கிறான், வெட்கம் கெட்டவன் என்று நினைத்தேன். ஜன்னல் கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்தினேன்.

மறுநாள் காலை அடுப்பு மூட்ட எழுந்து கதவைத் திறந்தேன். சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது.

முழங்கை அளவு. ஒன்றுகூட நீளமில்லை. கையில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அடுப்பில் வைத்துக் கதவை மூடினேன். மூடியது. அப்போதுதான் ஆல்ஃபி எல்லை வேலியில் இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

பண்ணையில் மிச்சமிருந்த ஆட்களில் எனக்காகக் கோடாரியைத் தொடுகிறவன் யாரும் இல்லை. கார்வக்குக்குக் கோடாரியில் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியுமா என்பதே சந்தேகம். நோட்டை எடுத்துப் புரட்டினேன். டோபியாஸ் பெயரிருந்த நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த நாட்களுக்கு மறுநாள் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அநேகமாக எல்லா நாளும் புட்டிங் செய்திருந்தேன்.

ஒன்பது வருஷம் இருட்டோடு எழுந்து எனக்கு விறகு வெட்டிப் போட்டவனைத்தான் சண்டவுனர் என்று எழுதி வந்திருக்கிறேன். நேற்று வெறுங்கையோடு அனுப்பியும் வெட்டியிருக்கிறான். அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது வந்ததும் உட்கார முடியவில்லை. எங்கள் பக்கத்தில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. விரோதியே ஆனாலும், வழியில் எந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, எது வறண்டது என்று சொல்லாமல் ஒருவனை அனுப்பக் கூடாது. அவன் அடுத்துப் போகும் வில்காரி பண்ணைப் பாதையில் ஐந்தாவது மைலில், மழைத் தண்ணீருக்காக மண்ணைத் தோண்டிய ஒரு தொட்டி. ஆற்றுக் குட்டைகளில் ஆடு செத்து நாறியதால் எல்லோரும் அங்கேதான் தண்ணீர்ப் பையை நிரப்பிக்கொள்வார்கள். அது வறண்டு எட்டு நாளாகியிருந்தது. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. கோபத்தில் சொல்ல மறந்தேன்.

மேனேஜர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். "வண்டியை எடுத்துக்கிட்டுப் போறேன் சார்" என்றேன்.

"எங்க?"

"டோபியாஸ் ஹெர்னைத் தேடி. அஞ்சாம் மைல் தொட்டி காஞ்சிருக்குன்னு நான் சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் விஷயம் என்றால் அவராலும் மறுத்துப் பேச முடியாது. "அந்த சண்டவுனரா? அவன் எங்கயாவது நிழல்ல படுத்திருப்பான். காலைச் சாப்பாடு?"

"அடுப்புல நெருப்பு இருக்கு. மிச்சத்தை நீங்க பாத்துக்கோங்க."

இரண்டு பை தண்ணீர், இருந்த ரொட்டி, பிறகு என்ன நினைத்தேனோ, டீக் கெண்டியில் கிடந்த இலையை வழித்து ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். எங்கள் கிழட்டுக் குதிரையை அதன் வாழ்நாளில் யாரும் அப்படி ஓட்டியிருக்கமாட்டார்கள். அதுவும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தொட்டி வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு ஆட்டின் எலும்பு. ஓரத்துப் புழுதியில் காலடிகள் உள்ளே போய்த் திரும்பியிருந்தன. அங்கிருந்து இருநூறு அடியில் நிழலென்று பேர்பண்ணுகிற ஒரு மரம். அதன் கீழே அவன் மல்லாந்து படுத்திருந்தான். தொப்பி பக்கத்தில் கிடந்தது. கண்ணின் மேல் ஒரு துணி கட்டியிருந்தது. செத்துப்போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கடவுளே, நான் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

"யாரு?" என்றது துணிக்குக் கீழே இருந்த வாய்.

"நான்தான்யா."

"மிஸஸ் கீஹோவா?" எழுந்து உட்காரப் பார்த்தான். உதடு வெடித்துக் குரல் பாதிதான் வந்தது. "ஏம்மா, வெறகு அளவு தப்பாயிடுச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன், எனக்கு வேறு விதமாக அழத் தெரியாது. தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். துணியை அவிழ்த்தபோதுதான் அவன் கண்ணை முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். இமை இரண்டும் வீங்கி, ஓரமெல்லாம் பச்சைப் புண்ணாக, சீழ் ஒட்டிக் கிடந்தது. மணல்கண் நோய். இந்தப் புழுதிப் பக்கத்தில் பாதிப் பேருக்கு வந்து போகிற நோய்தான். இவனுக்கு வந்தது போகவில்லை. அதற்குக் கைமருந்து பழைய டீ இலையை ஈரத்தோடு வைத்துக் கட்டுவது. என் அம்மாவே எனக்குக் கட்டியிருக்கிறாள். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை பார்.

டப்பாவைத் திறந்து இலையை நனைத்துக் கட்டினேன். "என்னம்மா இது?" என்று விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஒன்பது வருஷம். ஏன்யா வாயைத் தொறந்து சொல்லல?" என்றேன்.

"என்னன்னு?"

"கண்ணு தெரியலன்னு."

"தெரியும்மா. விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாஞ்ச பிறகும் போதுமான அளவு தெரியும். வெயில்லதான் முடியாது. மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கும். அதான் பகல்ல படுத்துக்கறது."

"அதைச் சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"சொன்னா என்ன ஆகும்? சோம்பேறின்னு பேரெடுத்தவனுக்கு, ஆள் பத்தாத வருஷம் யாராவது வேலை குடுப்பாங்க. திருந்திட்டியாடான்னு கேட்டுட்டுக் குடுப்பாங்க. குருடன்னு பேரெடுத்தவனுக்கு யாரு குடுப்பா? பாவம்னு சொல்லி சிட்னிக்கு வண்டி ஏத்தி விட்டுடுவாங்க. அங்க அனாதை விடுதில ஒரு பெஞ்சு குடுப்பாங்க. செத்துப்போற வரைக்கும் அதுல உக்காந்திருக்கணும்." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். "சண்டவுனர்னா திட்டுவாங்க. ஆனா நடக்க விடுவாங்க."

நான் அந்தச் சொல்லை அவன் முதுகில் எறிந்த கல் என்று நினைத்திருந்தேன். அவன் அதை எடுத்து வெயிலுக்குப் போர்த்திக்கொண்டிருந்தான்.

"அடுப்பு வாய் அளவு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதல் நாள் ஆல்ஃபியைத் திட்டினீங்களே. 'முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைக்கும்டா மடையா'ன்னு. மாராகூன்ல காது கேக்கற எல்லாருக்கும் அந்த அளவு தெரியும்மா."

"நேத்து நான் ஒண்ணுமே குடுக்கலியே. எதுக்கு வெட்டினே?"

"போன தடவை கண்ணு ரொம்ப மோசம். வெட்டாமப் போயிட்டேன். அது பாக்கி."

உண்மைதான். போன தடவை நான் புட்டிங் செய்யவில்லை.

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். காலைச் சாப்பாட்டை அவரே செய்திருக்கவேண்டும், சட்டையெல்லாம் கரி. நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது வருஷ விறகையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம்தான். ரெண்டு நாள் தங்கட்டும். அப்புறம் யார் கூடவாவது சிட்னிக்கு அனுப்பிடலாம்" என்றார்.

வண்டியில் இருந்தவன் தலை குனிந்தது. அவன் பயந்த வார்த்தை அதுதான். அதை நான்தான் வாயைக் கொடுத்து வரவழைத்திருந்தேன்.

"அவன் வேலைக்காரன் சார். நோயாளி இல்ல."

"வெளிச்சத்துல வேலை செய்யறவனுக்குத்தான் ரேஷன்னு சொன்னேன் மிஸஸ் கீஹோ. என் கண்ணால பாக்காத வேலைக்கு நான் ரேஷன் குடுக்க முடியாது."

"அப்ப பாருங்க. நாளைக்கு நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாருங்க."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் மாற்றிச் சொல்லாத மனிதர் என்றேனே, அதேபோல் சவாலையும் விடாத மனிதர். மறுநாள் வானம் வெளுக்கும் முன்பே கோடாரிச் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தபோது, கார்வக் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறகுக் குவியலுக்கு எதிரே நின்றிருந்தார். டோபியாஸ் இடக்கையால் கட்டையைத் தடவி, முழங்கையை வைத்து அளந்து, வெட்டினான். இரண்டாய் விழுந்தது. அடுத்ததைத் தடவினான். நேற்றுச் சாகக் கிடந்த மனிதன். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கோடாரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான், ஆனால் நிறுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு கட்டை ஆகியிருக்கும். மேனேஜர் அசையவேயில்லை.

"சார்" என்றான் டோபியாஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அந்த வெளக்கை எடுத்துட்டுப் போறீங்களா? கண்ணு கூசுது. வேலை கெடுது."

கார்வக் லாந்தரை அணைத்தார். இருட்டில் சற்று நேரம் நின்றார். பிறகு என் பக்கம் வந்து, "சமையல்கட்டுக்குப் பின்னாடி சாய்ப்பு காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். சிட்னிப் பேச்சு அதன்பிறகு எழவேயில்லை.

ஆல்ஃபி எல்லை வேலியிலிருந்து வந்ததும் சாய்ப்பில் கம்பளி விரித்திருப்பதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. அன்று மாலை புட்டிங் செய்து டோபியாஸுக்கு எதிரே வைத்தேன். ஆல்ஃபி வாசற்படியிலேயே பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். டோபியாஸ் கத்தியால் தடவிச் சரிபாதியாக வெட்டி ஒரு பாதியை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினான்.

"உக்காருய்யா. ஒன்பது வருஷமா என் புட்டிங்கை ருசி பாத்து வெச்சிருக்கே. நல்லா இருக்கான்னு சொல்லு."

ஆல்ஃபி உட்கார்ந்தான். இரண்டு வாய் தின்றுவிட்டு, "அண்ணே, இனிப்பு கொஞ்சம் கம்மி" என்றான். அன்றைக்கு அவனை நான் அடிக்கவில்லை என்பதை என் கணக்கில் ஒரு புண்ணியமாக எழுதிக்கொள்ளலாம்.

டோபியாஸ் எங்களோடு ஆறு வருஷம் இருந்தான். விடியலுக்கு முன் விறகு, பொழுது சாய்ந்ததும் தண்ணீர், பகலில் சாய்ப்பில் தூக்கம். சாயங்காலம் புதிதாக வருகிற வழிப்போக்கர்கள் விறகுக் குவியலருகே அவனைப் பார்த்து, "நீயும் சண்டவுனரா?" என்று கேட்டால், "ஆமா. இங்க நிரந்தர சண்டவுனர் நான். மத்தவங்கல்லாம் தற்காலிகம்" என்பான். அந்தச் சொல்லை அவன் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. பூனைக்குக்கூடப் பெயரை மாற்றிவிட்டேன்.

நான்காம் வருஷம் கண் முழுதாகப் போய்விட்டது. அது அவனுடைய வேலையை ஒன்றும் குறைக்கவில்லை.

அந்த வருஷம்தான் நல்ல மழை. ஒரு நாள் மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது; ஜன்னலைச் சாத்திவிட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பழைய ரேஷன் நோட்டு கையில் வந்தது. பக்கம் புரளும் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினான்.

"அந்த நோட்டா?"

"ஆமா."

"என் பேருக்கு எதிர என்ன போட்டிருக்கீங்க?"

நான் நாக்கு நீளமானவளே தவிர, பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அன்று வந்துவிட்டது. "கோடுதான்" என்றேன். "வழிப்போக்கன்னு."

அவன் சிரித்தான். "கண்ணு போனவன்கிட்டப் பொய் சொல்லலாம்மா, காது இருக்கறவன்கிட்ட முடியாது. கோடு போட்டா பேனா ஒரே ஓட்டமா ஓடும். வட்டம்னா திரும்பறப்போ சன்னமா ஒரு முனகல் வரும். ஜன்னல்கிட்ட நின்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். எத்தனை வட்டம் இருக்கு?"

எண்ணினேன். "பதினேழு."

"பதினேழு தடவை மாவு குடுத்திருக்கீங்க. மோசமில்ல." உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பித் தோல் மிச்சமிருக்கிறதா என்று தடவினான். "அந்த முனகல் கேட்டா எனக்கு வருத்தமெல்லாம் இருக்காதும்மா. திட்டினாலும் நான் வந்தேன்னு எழுதறாங்க, இன்னிக்குச் சாப்பாடு உண்டுன்னு இருக்கும். அந்தப் பதினெட்டாவது தடவைதான். நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்க, தெரியும். ஆனாலும் பேனா எடுப்பீங்களோன்னு காதைக் குடுத்து நின்னுட்டே இருந்தேன். ஜன்னல் சாத்தற சத்தம்தான் கேட்டுது."

கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தான்.

எழுந்து போய், சாரல் உள்ளே அடிக்கும் என்று தெரிந்தும், அந்த ஜன்னலைத் திறந்து வைத்தேன்.